காரைவிட மலிவாக ஒரு பாய்ப்படகு: விலை ஏன் குறைவு, செலவு எங்கே இருக்கிறது

பிரிட்டனில் பழைய படகு விற்பனை விளம்பரங்களைப் புரட்டினால் முதலில் கண்ணை நம்ப முடியாது. 26 அடி நீளப் பாய்ப்படகு. உள்ளே நான்கைந்து பேர் படுக்கலாம். அடுப்பு, கழிப்பறை, டீசல் எஞ்சின் எல்லாம் உண்டு. விலை 4,000 பவுண்டு. நன்றாக ஓடிய ஒரு சின்னக் காரின் விலைதான். இன்னும் கீழே போனால் 'இலவசம், எடுத்துச் சென்றால் போதும்' என்றே சில விளம்பரங்கள் இருக்கும்.

இதில் ஏமாற்று இருக்கிறதா? பெரும்பாலும் இல்லை. அந்த விலை சரியான விலைதான். படகைக் கட்டி வைக்க, பராமரிக்க, காப்பீடு செய்ய, கடைசியில் ஒழித்துக்கட்ட என்ன ஆகும் என்று சந்தை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விலையை இவ்வளவு கீழே இறக்கியிருக்கிறது. வாங்குகிறவர் அதே கணக்கைப் போடாமல் விலையை மட்டும் பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

## இத்தனை பழைய படகுகள் எங்கிருந்து வந்தன

1950கள் வரை யாட், அதாவது உல்லாசப் பயணத்துக்கான பாய்ப்படகு, என்றால் மரம். தச்சர்கள் ஒவ்வொன்றாகக் கட்டினார்கள்; பணக்காரர்கள் வாங்கினார்கள். கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் பிசினும் வந்த பிறகு கதை மாறியது. ஒரு அச்சைச் செய்துவிட்டால் அதிலிருந்து நூற்றுக்கணக்கில் படகு உடல்களை எடுக்கலாம். தமிழகக் கடற்கரையில் மீனவர்கள் 'ஃபைபர் போட்' என்று சொல்லும் படகும் இதே பொருள்தான்.

1960களிலும் 70களிலும் பிரிட்டனின் நடுத்தரக் குடும்பங்கள் இப்படித்தான் முதல்முறையாக யாட் வாங்கின. அந்தக் காலத்தின் அடையாளம் வெஸ்டர்லி சென்டார். லாரன்ட் ஜைல்ஸ் நிறுவனம் வடிவமைத்தது. போர்ட்ஸ்மவுத் அருகே வாட்டர்லூவில்லில் இருந்த வெஸ்டர்லி நிறுவனம் 1969 முதல் 1980 வரை 2,444 சென்டார்களைக் கட்டியது. நீளம் 26 அடி, எடை சுமார் 3 டன், மிதக்கத் தேவையான ஆழம் 3 அடிதான்.

அடியில் ஒன்றுக்குப் பதில் இரண்டு ஏராக்கள். ஏரா என்பது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டைக்குத் தமிழில் உள்ள பெயர். யாட்டில் அது இரும்பாலோ ஈயத்தாலோ ஆன கனமான துடுப்பு போலக் கீழே தொங்கும். காற்று பாயைச் சாய்க்கும்போது படகு கவிழாமல் நிமிர்த்துவதும், பக்கவாட்டில் நழுவாமல் பிடிப்பதும் அதன் வேலை. இரண்டு ஏரா இருந்தால் கடல் வற்றும்போது படகு சேற்றில் கவட்டை விரித்தபடி நேராக நின்றுவிடும். ஓதம் பல மீட்டர் ஏறி இறங்கும் பிரிட்டன் கடற்கரையில், வற்றிப்போகும் மலிவான இடத்தில் கட்டி வைக்கலாம் என்பதுதான் இதன் பெரிய லாபம். அதற்கு விலையாக, காற்றை எதிர்த்துப் போகும் திறமை கொஞ்சம் குறையும்.

மரப்படகைக் கவனிக்காமல் விட்டால் சில ஆண்டுகளில் மக்கி மறைந்துவிடும். கண்ணாடி இழைப் படகு மறையாது. சென்டாரோடு ஹர்லி 22, லெஷர் 23, சேட்லர் 25, கொன்டெஸ்ஸா 26 என்று அன்று இறக்கிய படகுகளில் ஏராளமானவை இன்னும் உருவம் குலையாமல் இருக்கின்றன. வாங்கியவர்களுக்கோ வயதாகிவிட்டது. இருப்பு குறையவில்லை, வாங்க ஆள் குறைந்தது. விலை வேறு எங்கே போகும்?

## செலவு நீளத்தைப் பார்க்கும், விலையைப் பார்க்காது

படகு உலகில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் நீளத்தை வைத்துத்தான் கட்டணம். 4,000 பவுண்டுக்கு வாங்கிய 26 அடிப் படகும் 40,000 பவுண்டுக்கு வாங்கிய 26 அடிப் படகும் ஒரே தொகையைத்தான் கட்டும்.

ஆண்டுதோறும் வரும் செலவுகள்:

1. கட்டி வைக்கும் இடம். மெரினா என்றால் சென்னைக்காரர்களுக்குக் கடற்கரை. இங்கே அது படகுகளுக்கான கட்டண நிறுத்தம். தென் இங்கிலாந்தின் சோலன்ட் பகுதி மெரினாக்களில் ஒரு சென்டாரின் ஓராண்டுக் கட்டணம் அந்தப் படகின் விலையைத் தொடுவதும் தாண்டுவதும் சாதாரணம். நடுநீரில் மிதவையோடு கட்டும் மூரிங் இதைவிட வெகு மலிவு. ஆனால் ஒவ்வொரு முறையும் சின்னத் துடுப்புப் படகில் போய் ஏற வேண்டும்.
2. கரையேற்றம். கிரேன் கூலி, குளிர்காலத்தில் கரையில் நிறுத்தும் வாடகை.
3. அடிப்பூச்சு. பாசியும், கொட்டலசு என்ற ஓடுள்ள சிறு கடலுயிரியும் ஒட்டாமல் இருக்கப் பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை.
4. காப்பீடு. பல மெரினாக்கள் குறைந்தது மூன்றாம் தரப்புக் காப்பீடாவது கேட்கும். பழைய படகென்றால் காப்பீட்டு நிறுவனம் சர்வே அறிக்கையும், அதாவது நிபுணர் படகை ஆராய்ந்து எழுதியதையும், கேட்கலாம்.

படகின் விலையில் 10 சதவீதத்தை ஆண்டுச் செலவாக ஒதுக்கினால் போதும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. புதுப்படகுக்கு அது ஏதோ ஒத்துவரலாம். 4,000 பவுண்டுப் படகுக்கு 400 பவுண்டு என்றால் நகைப்புதான்.

இன்னொன்று: 'நாலடிதானே அதிகம்' என்று 26 அடிக்குப் பதில் 30 அடிக்குப் போகிறவர்கள் உண்டு. நீளம் 15 சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் ஒரே வடிவத்தைப் பெரிதாக்கினால் பரப்பு நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கன அளவு அதன் கனத்துக்கு (மூன்று முறை பெருக்கியதற்கு) ஏற்பவும் வளரும். அதாவது பாயும் பூச வேண்டிய அடிப்பரப்பும் சுமார் 33 சதவீதம் கூடும். எடை சுமார் 54 சதவீதம் கூடும். கயிறு, கம்பி, நங்கூரம், எஞ்சின் எல்லாம் அந்த எடைக்கு ஏற்றபடி தடிக்கும். விலையும்தான்.

## 'எத்தனை வருஷப் படகு' என்ற கேள்வி உதவாது

1974இல் கட்டிய இரண்டு சென்டார்களில் ஒன்று அருமையாகவும் மற்றொன்று குப்பையாகவும் இருக்கலாம். உடலுக்கு ஐம்பது வயது என்பது பெரிய விஷயமே இல்லை. ஆனால் உடலோடு சேர்த்து வாங்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வயது உண்டு. கேட்க வேண்டியது 'இது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, ரசீது இருக்கிறதா' என்பதுதான்.

### உடல்: பயம் அதிகம், ஆபத்து குறைவு

பழைய கண்ணாடி இழைப் படகு என்றதும் எல்லாரும் சொல்லும் சொல் ஆஸ்மோசிஸ். பள்ளியில் படித்த சவ்வூடு பரவல்தான். நடப்பது இது:

1. உடலின் வெளித்தோலான ஜெல்கோட் வழியாக, ஆண்டுக்கணக்கில் தண்ணீரில் கிடக்கும்போது, நீர் மூலக்கூறுகள் மெதுவாக உள்ளே போகின்றன.
2. உள்ளே சரியாக இறுகாத பிசினோடு வினை புரிந்து அமிலமும் கிளைக்காலும் உண்டாகின்றன.
3. அந்தக் கரைசல் வெளியே உள்ள தண்ணீரைவிட அடர்த்தியானது. ஆகவே அது இன்னும் தண்ணீரை இழுக்கிறது.
4. அழுத்தம் கூடிக் கொப்புளம் எழும்புகிறது. குத்திப் பார்த்தால் வினிகர் வாடை அடிக்கும்.

முழு சிகிச்சை என்றால் ஜெல்கோட்டை உரித்து, மாதக்கணக்கில் உலரவிட்டு, எபாக்ஸி பூச வேண்டும். மலிவான படகுக்கு அது கட்டுப்படியாகாது. நல்ல செய்தி என்னவென்றால், கொப்புளத்தால் மட்டும் மூழ்கிய படகைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். 1970களின் உடல்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் தடிமனானவை. என் கணிப்பில், சில கொப்புளங்கள் பேரம் பேச உதவுமே தவிர, படகைக் கைவிடக் காரணம் ஆகாது.

பயப்பட வேண்டிய இடம் மேலே, தளத்தில் இருக்கிறது. எடையைக் குறைக்கப் பல படகுகளில் தளத்தை இரண்டு மெல்லிய கண்ணாடி இழைத் தகடுகளுக்கு நடுவே பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ வைத்துச் செய்திருப்பார்கள். தளத்தில் திருகிய ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் பூசிய பசை காலப்போக்கில் விட்டுப்போகும். மழைநீர் இறங்கி நடுமரம் ஊறி அழுகும். நடந்தால் தளம் அமுங்கும். சிறு சுத்தியலின் பிளாஸ்டிக் முனையாலோ நாணயத்தாலோ தட்டினால் நல்ல இடம் 'டக்' என்று கணீரென ஒலிக்கும். அழுகிய இடம் செத்த ஒலி தரும். தேங்காய் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது புது வித்தை இல்லை.

### ஏரா: உடலோடு சேரும் இடம்

ஏராவைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும், அந்தச் சுமையைத் தாங்கும் உள்கட்டமைப்பையும் பார்க்க வேண்டும். தரைதட்டிய படகில் ஏராவின் பின்பக்கத்துக்கு மேலே, உள்ளே, விரிசல்கள் தெரியலாம். சென்டாரில் இரண்டு ஏராக்களும் சற்று வெளிநோக்கி இருப்பதால், படகு தரையில் உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் அவை சேரும் இடம் வளைந்து கொடுக்கிறது. அங்கே உள்ளிருந்து வலுவூட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்பது இந்த மாடலை அறிந்தவர்களின் வழக்கமான கேள்வி.

ஏரா கழன்றால் என்ன ஆகும் என்பதை 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் 'சீக்கி ரஃபிக்கி' காட்டியது. 40 அடி வகைப் பந்தயப் படகு. ஏரா பிரிந்து கவிழ்ந்து நான்கு பேரும் மாண்டார்கள். முன்பு தரைதட்டியதும் அதற்குச் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து ஏரா இணைந்த இடத்தைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு கூறியது. அந்தப் படகுக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை.

### பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பிகள்

பாய்மரத்தை நிறுத்தி வைப்பவை துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வடங்கள். ஒவ்வொன்றிலும் 19 இழைகள். இவை பெரும்பாலும் எச்சரிக்காமல் அறும். எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். அது உயிரோடிருக்க ஆக்சிஜன் வேண்டும். வடம் முனைக்குழாய்க்குள் நுழையும் இடத்தில் உப்புநீர் தேங்கி ஆக்சிஜன் கிடைக்காமல் போனால், வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அரித்துவிடும். தளத்தைத் துளைத்து உடலில் சேரும் பட்டைகளுக்கும் இதே நோய்தான்.

காப்பீட்டு நிறுவனங்களும் பாய்மர வேலைக்காரர்களும் பொதுவாகச் சொல்லும் ஆயுள் 10 முதல் 15 ஆண்டு. விற்பவருக்குக் கம்பியின் வயது தெரியவில்லை என்றால் அதைப் பழையது என்றே கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

### எஞ்சின்

பேரத்தில் பணம் அதிகம் புதைந்திருக்கும் இடம் இது. புது டீசல் எஞ்சினை வாங்கிப் பொருத்தினால் செலவு பல நேரம் படகின் விலையைத் தாண்டும். அந்தக் கால எஞ்சின்கள் பலவற்றில், சென்டாரில் வந்த வோல்வோ பென்டா எம்டி2பி உட்பட, கடல்நீரே நேராக எஞ்சின் கட்டைக்குள் ஓடிக் குளிர்விக்கும். ஐம்பது ஆண்டு உப்புநீர் உள்ளே என்ன செய்திருக்கும் என்பதை வெளியிலிருந்து முழுதாகச் சொல்ல முடியாது. ஆனால் சில சோதனைகள் யாரும் செய்யலாம்:

1. போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் யாரோ ஓட்டிவைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் பரீட்சை.
2. புகையின் நிறம். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் சுமை அதிகம் அல்லது டீசல் சரியாக எரியவில்லை. வெள்ளை மறையாமல் வந்துகொண்டிருந்தால் எரியாத டீசல், அல்லது உள்ளே தண்ணீர்.
3. படகைக் கட்டிவைத்தபடியே கியர் போட்டு, இருபது நிமிடம் சுமையில் ஓட்டச் சொல்லுங்கள். வெறுமனே ஓடும்போது தெரியாத சூடு அப்போது தெரியும்.

### கைப்பிடி அளவு வால்வுகள்

கழிப்பறைக்கும் எஞ்சின் குளிர்விப்புக்கும் கடல்நீர் உள்ளே வர, நீர்மட்டத்துக்குக் கீழே உடலில் ஓட்டை போட்டு வால்வு பொருத்தியிருப்பார்கள். சாதாரணப் பித்தளை வால்வு என்றால் சிக்கல். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். கடல்நீரில் துத்தநாகம் கரைந்து வெளியேறிவிடும்; மிஞ்சுவது பஞ்சு போன்ற செம்பு. சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரியும். தட்டினால் உடையும்.

38 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று அரை மீட்டர் ஆழத்தில் திறந்துவிட்டால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் வரும். இத்தனைக்கும் வெண்கலத்திலோ கடலுக்கு ஏற்ற பிளாஸ்டிக்கிலோ புது வால்வு போடுவது இந்தப் பட்டியலிலேயே மலிவான வேலைகளில் ஒன்று. அதைக்கூடச் செய்யாமல் விட்ட சொந்தக்காரர் மற்றதை எப்படிக் கவனித்திருப்பார் என்று நீங்களே ஊகிக்கலாம்.

பாய்களைப் பற்றி நீட்ட வேண்டாம்: துணி வெயிலில் தளரும், தையல் முதலில் போகும். பழைய பாயோடும் படகு ஓடும், மெதுவாக. சமையல் எரிவாயு மட்டும் விளையாட்டில்லை. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிவயிற்றில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சிலிண்டர் வைக்கும் பெட்டியின் வடிகால் படகுக்கு வெளியே திறக்கிறதா, ரப்பர் குழாயில் என்ன தேதி அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள்.

## சர்வே எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

பிரிட்டனில் வழக்கம் இதுதான்: விலை பேசி, சுமார் 10 சதவீதம் முன்பணம் கொடுத்து, 'சர்வேக்கு உட்பட்டு' என்று ஒப்பந்தம் எழுதுவார்கள். பிறகு வாங்குபவர் தன் செலவில் சர்வேயரை அமர்த்துவார். படகைக் கரையேற்றும் கிரேன் கூலியும் வாங்குபவர் தலையில்தான். பெரிய குறை தெரிந்தால் விலை குறைக்கலாம், இல்லையென்றால் விலகலாம்.

3,000 பவுண்டுப் படகுக்குப் பல நூறு பவுண்டு செலவழித்து சர்வேயா என்று தோன்றும். காப்பீட்டுக்கு எப்படியும் தேவைப்படலாம் என்பதால் அது முழு வீண் ஆகாது. ஆனால் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: சர்வேயர் எல்லாவற்றையும் பார்ப்பார் என்று. பொதுவாக அவர் பாய்மரத்தில் ஏற மாட்டார், எஞ்சினைத் திறக்க மாட்டார், பலகைகளைப் பெயர்க்க மாட்டார், ஏரா போல்ட்டைக் கழற்ற மாட்டார். 'அணுக முடியவில்லை' என்று அறிக்கையில் இருந்தால் 'நன்றாக இருக்கிறது' என்று பொருள் இல்லை. விற்பவர் நீட்டும் பழைய அறிக்கையையும் நம்ப வேண்டாம். அது அவருக்காக எழுதியது.

மாடலின் புகழும் ஒரு வலை. 1979இல் ஃபாஸ்ட்நெட் என்ற கடல் பாய்ப்படகுப் பந்தயத்தின்போது வீசிய புயலில், மிகச் சிறிய படகுகளின் பிரிவில் முடித்த ஒரே படகு 'அசென்ட்' என்ற கொன்டெஸ்ஸா 32. அதனால் அந்த வடிவத்துக்குப் பெரிய பெயர். வடிவம் நல்லது என்பது மெய். ஆனால் நீங்கள் பார்க்கப் போகும் படகின் கம்பிக்கும் வால்வுக்கும் அந்தப் புகழில் பங்கு கிடையாது.

## காகிதங்கள்

நம் ஊர் வண்டிக்கு ஆர்சி புத்தகம் இருப்பது போல எல்லா யாட்டுக்கும் கட்டாயச் சான்று பிரிட்டனில் இல்லை. பிரிட்டன் கப்பல் பதிவேட்டில் சிறு கப்பல்களுக்கான மூன்றாம் பகுதியில் பதிவு இருந்தாலும் அது படகு இன்னார் உடையது என்பதை நிரூபிக்காது. முதல் பகுதிப் பதிவுதான் உரிமையையும் அடமானத்தையும் காட்டும். பழைய சிறு படகுகள் பலவும் அதில் இருக்காது. ஆகவே ஒருவர் கைமாறி ஒருவராக வந்த விற்பனைப் பத்திரங்களின் சங்கிலியைத்தான் பார்க்க வேண்டும். கடல் சட்டத்தில் சில கடன்கள் ஆளைவிட்டுப் படகைத் தொடரும். பழைய சொந்தக்காரர் வைத்த பாக்கி புதியவரிடம் வந்து நிற்கலாம்.

பிரெக்சிட் இன்னொரு முடிச்சைப் போட்டது. 2020 டிசம்பர் 31 அன்று மாற்றக்காலம் முடிந்தபோது படகு எங்கே இருந்தது என்பதைப் பொறுத்து, அதன் மதிப்புக்கூட்டு வரி பிரிட்டனில் கட்டியதாகவா, ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டியதாகவா கருதப்படும் என்பது மாறியது. அன்று சோலன்டில் மிதந்த படகை இன்று பிரான்சில் வசிக்கும் ஒருவர் வாங்கிக்கொண்டு போனால் அங்கே வரி கேட்கலாம். அன்றைய மெரினா ரசீது இருந்தால் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

## இலவசப் படகு யாருக்கு இலவசம்

இப்போது அந்த 'எடுத்துச் சென்றால் போதும்' விளம்பரத்துக்குத் திரும்பலாம். ஒரு படகுக்குக் கம்பி, எஞ்சின், பாய் மூன்றும் தேவை என்றால், அவற்றின் கூட்டுத்தொகைக்கு எல்லாம் மாற்றிய நல்ல படகையே வாங்கிவிடலாம். முந்தைய சொந்தக்காரர் கொட்டிய பணம் விற்கும்போது திரும்ப வருவதில்லை. அதனால் 9,000 பவுண்டுப் படகு 3,000 பவுண்டுப் படகைவிட மலிவாக முடிவது உண்டு. தானே வேலை செய்யத் தெரிந்து, அந்த வேலையே பிடித்தவருக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு.

இலவசப் படகில் கைமாறுவது இன்னொன்றும் உண்டு: அதை ஒழிக்கும் பொறுப்பு. இறுகிய கண்ணாடி இழையை உலோகம் போல உருக்கி மறுபடி வார்க்க முடியாது. பிரான்சில் 2019 முதல் அபேர் என்ற அமைப்பு பழைய உல்லாசப் படகுகளைச் சொந்தக்காரரிடம் கட்டணம் வாங்காமல் பிரித்துத் தருகிறது. அதற்கான பணம் தயாரிப்பாளர்களின் பங்களிப்பிலிருந்தும் படகு வரியின் ஒரு பங்கிலிருந்தும் வருகிறது. படகை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும் சொந்தக்காரர் செலவு. பிரிட்டனில் அதுபோல நாடு தழுவிய திட்டம் இல்லை. படகைத் தூக்கி, லாரியில் ஏற்றி, அறுத்து, குப்பையில் சேர்க்க ஆகும் செலவு கடைசியாகப் பத்திரத்தில் பெயர் உள்ளவருடையது. அந்தக் கட்டத்தில் கொஞ்சமாவது விலை போவது ஏராவில் உள்ள இரும்பும், அதிர்ஷ்டம் இருந்தால் ஈயமும்தான்.